மகனின் கால்பந்து டீமுக்கு இங்கிலாந்து கிளப்பின் பெயர் வந்திருக்கிறது, பணம் கட்டலாமா?

எடிசன்_அப்பா:
வணக்கம். நாங்கள் நியூஜெர்சியில் எடிசன் பக்கம் இருக்கிறோம். மகனுக்கு 10 வயது. மூன்று வருடமாக ஒரே டிராவல் டீமில், அதாவது வெளியூர்களுக்கும் போய் ஆடும் டீமில், ஆடுகிறான். போன மாதம் கிளப்பிலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. இங்கிலாந்தின் முதல்தரக் கால்பந்துப் போட்டியான பிரீமியர் லீக்கில் ஆடும் கிளப் ஒன்றின் ‘சர்வதேச அகாடமி’யாக மாறிவிட்டார்களாம். எந்தக் கிளப் என்று சொல்லப் போவதில்லை, நாளைக்கு அதே மைதானத்தில்தான் நாற்காலி போட்டு உட்கார வேண்டும்.

வருடக் கட்டணம் 2,150 டாலராக இருந்தது, இப்போது 2,900. கிட் (சீருடை) தனியாக 340. போன வருடம் வாங்கிய கிட் இன்னும் அளவாகத்தான் இருக்கிறது, ஆனால் அதைப் போடக் கூடாதாம். பெற்றோர் கூட்டத்தில் ஒருவர் இருபது நிமிடம் ஸ்லைடு காட்டினார். ‘பாத்வே’ (அங்கே போய்ச் சேரும் வழி) என்று நான் எண்ணியவரை 11 முறை சொன்னார். மனைவி என் காதில், “யாரோட பணத்துக்குப் பாத்வே?” என்றாள். பையனோ அன்றைக்கு இரவே மனதளவில் இங்கிலாந்துக்குப் பெட்டி கட்டிவிட்டான்.

நான் மதுரையில் டென்னிஸ் பந்துக் கிரிக்கெட் ஆடி வளர்ந்தவன். ஆஃப்சைடு என்றால் என்ன என்பதே இவன் சொல்லித்தான் தெரியும். விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்: இதில் சேர்ந்தால் அங்கே போக உண்மையிலேயே வழி இருக்கிறதா?

குரோய்டன்_வாசி:
அண்ணா, நான் லண்டனில் இருக்கிறேன். அக்காவின் மகன் இங்கே ஒரு கழகத்தின் அகாடமியில் 9 வயதிலிருந்து 13 வரை இருந்தவன். நாலு வருடமும் ஒரு பென்னி கட்டவில்லை. உடுப்பு, சப்பாத்து எல்லாம் அவர்களே கொடுத்தார்கள். பிறகு ஒரு நாள் கூப்பிட்டு, அடுத்த வருடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். பெடியன் ஒரு மாதம் பந்தையே தொடவில்லை, அது வேறு கதை.

சொல்ல வந்தது இதுதான். இங்கேயும் பள்ளி விடுமுறைக்கு அதே சின்னம் போட்ட பயிற்சி முகாம்கள் நடக்கும். காசு கட்டினால் எந்தப் பிள்ளையும் சேரலாம். உண்மையான அகாடமி வேறு, அங்கே அவர்கள்தான் பிள்ளையைத் தேடி வருவார்கள். உங்களிடம் காசு கேட்கிறார்கள் என்றால் அது எந்த வகை என்று விளங்கும்தானே.

எங்கள் ஊர்க் கழகமான கிரிஸ்டல் பேலஸ், 2006இல் அமெரிக்காவில் ‘கிரிஸ்டல் பேலஸ் பால்டிமோர்’ என்று ஒரு அணியே தொடங்கியது. 2010 முடிவதற்குள் அதுவும் முடிந்துபோனது. லண்டனில் இருந்து நடத்துவது அவ்வளவு லேசில்லை.

டாலஸ்_கோச்:
சார், நான் வார இறுதிகளில் 12 வயதுக்குட்பட்ட பையன்களுக்குப் பயிற்சி கொடுக்கிறவன். அந்த ஸ்லைடில் வந்திருக்காத ஒன்றைச் சொல்கிறேன்.

உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபாவின் வீரர் மாற்ற விதிகளில் 19ஆம் பிரிவு என்று ஒன்று உண்டு. 18 வயது ஆகும்வரை ஒரு பையனை நாடு விட்டு நாடு எடுக்கக் கூடாது. விதிவிலக்குகள் சில உண்டு. பெற்றோர் பந்து சம்பந்தமே இல்லாத காரணத்துக்காகக் குடிபெயர்ந்தால் பரவாயில்லை. ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் 16 வயதிலேயே மாறலாம். ஆனால் 2021 ஜனவரி முதல் இங்கிலாந்து அந்த வட்டத்துக்கு வெளியே. ஆக, நியூஜெர்சிப் பையன் எத்தனை பெரிய மேதையாக இருந்தாலும், நீங்கள் இங்கேயே இருக்கும்வரை அந்தக் கிளப் அவனை 18 வயதுக்கு முன் ஒப்பந்தம் செய்ய முடியாது. அதற்குப் பிறகும் வேலை அனுமதிக்குப் புள்ளிக் கணக்கு. தேசிய அணியில் எத்தனை ஆட்டம், எந்த லீக்கில் ஆடினான் என்றெல்லாம் பார்ப்பார்கள்.

அமெரிக்க வீரர் புலிசிக் எப்படிப் போனார் என்று கேட்பீர்கள். தாத்தா வழியாக குரோஷியா பாஸ்போர்ட், அதாவது ஐரோப்பிய ஒன்றியப் பாஸ்போர்ட், இருந்தது. 16 வயதில் ஜெர்மனியின் டார்ட்மண்ட் கிளப்புக்குப் போனார். லண்டன் கிளப்பான செல்சி அவரை 2019இல் வாங்கியபோது விலை 5.8 கோடி பவுண்டு. இன்னொரு அமெரிக்க வீரர் ஜியோ ரெய்னா கதை இன்னும் வேடிக்கை. பிறந்தது இங்கிலாந்தில், சண்டர்லேண்டில். வளர்ந்தது இங்கிலாந்தின் மான்செஸ்டர் சிட்டி கிளப்பையும் வைத்திருக்கும் குழுமத்துக்குச் சொந்தமான நியூயார்க் சிட்டி எஃப்சியின் அகாடமியில். கடைசியில் அவரும் போர்ச்சுகல் பாஸ்போர்ட்டுடன் போய்ச் சேர்ந்தது டார்ட்மண்டில்தான். ஒரே முதலாளியின் அகாடமிக்கே இந்த நிலை என்றால், பெயரை மட்டும் வாடகைக்கு எடுத்த கிளப்பைப் பற்றிச் சொல்ல என்ன இருக்கிறது?

அதற்காக எல்லாமே ஏமாற்று என்று சொல்ல மாட்டேன். சிலர் பயிற்சித் திட்டம் அனுப்புவார்கள், நம் கோச்களுக்கு அங்கிருந்து ஆள் வந்து வகுப்பு எடுப்பார். போய் மூன்று விஷயம் கேளுங்கள். செவ்வாய்க்கிழமை சாயந்திரம் என் பையனுக்கு யார் சொல்லிக் கொடுக்கப் போகிறார்? அவரிடம் என்ன லைசென்ஸ் இருக்கிறது? ஏறிய 750 டாலரில் எவ்வளவு அவருக்குப் போகிறது? மூன்றாவதுக்குப் பதில் வராது. முகத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மிச்சிகன்_அம்மா:
என் மகளின் கிளப்பும் இப்படிப் பெயர் மாறியதுதான். எங்களுக்கு நன்றாகவே அமைந்தது. முன்பெல்லாம் பயிற்சி என்றால் வரிசையில் நின்று முறை வரும்வரை புல்லைப் பிய்ப்பாள். இப்போது ஒன்றரை மணி நேரமும் காலில் பந்து இருக்கிறது. இங்கிலாந்து என்ற பேச்சே எங்கள் வீட்டில் இல்லை. இங்கே பெண் பிள்ளைகளுக்குக் கல்லூரி அணிகள் ஏராளம், ஸ்காலர்ஷிப்பும் உண்டு. எங்கள் கண் அதில்தான்.

எடிசன்_அப்பா:
எல்லோருக்கும் நன்றி. நேற்றுப் போய்க் கேட்டேன். செவ்வாய்க்கிழமை வரப்போவது அதே பழைய கோச்தான், அந்தக் கொலம்பியாக்காரர். நல்ல மனிதர், பையனுக்கு அவரென்றால் உயிர். அவரைத் தனியாகப் பிடித்து, உங்களுக்குச் சம்பளம் ஏறியதா என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே தன் புது ஜாக்கெட்டைக் காட்டினார்.

பையனிடம் அந்த 18 வயது விதியையும் சொல்லிவிட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், “உங்கள் கம்பெனிக்கு இங்கிலாந்தில், ரெடிங்கில் ஆபீஸ் இருக்கிறது இல்லையா?” என்றான்.

முதல் தவணை 15ஆம் தேதி. அந்தக் கோச்சுக்காகக் கட்டப் போகிறேன். கிட்டைத் தவணையில் வாங்க முடியுமா என்று யாருக்காவது தெரியுமா?