மெல்லும் நாய்க்குக் கெட்டியான பொருளா, வளைந்து கொடுக்கும் பொருளா?

மேடவாக்கம் மாடிவாசி

எங்கள் வீட்டில் பத்து மாத ஆண் லேப்ரடார் வளர்கிறான். பால்பற்கள் 28-உம் விழுந்து, நிரந்தரப் பற்கள் 42-உம் முளைத்து முடிந்த பிறகும் மெல்லும் பழக்கம் குறையவில்லை. தொலைக்காட்சி ரிமோட், செருப்பு வார், சோபாவின் மரக்கால் ஆகியவற்றை முடித்துவிட்டு, இப்போது கதவு நிலையின் கீழ்ப்பகுதியைச் செதுக்கத் தொடங்கியிருக்கிறான். துணிப் பொம்மை ஒரு மாலைப்பொழுதுகூடத் தாங்குவதில்லை. கடைக்காரர் மாட்டுக் குளம்பையும் கெட்டி நைலான் எலும்பையும் பரிந்துரைக்கிறார். கறிக்கடையில் கால் எலும்பு வாங்கிப் போட்டால் போதும் என்கிறார் என் தந்தை. பகலில் சில மணி நேரம் அவன் தனியாக இருக்க வேண்டியிருக்கிறது. நீண்ட நாள் உழைக்கக்கூடிய பொருள் எது என்று அனுபவம் உள்ளவர்கள் கூற வேண்டுகிறேன்.

உத்தமபாளையத்தார்

உங்கள் தந்தை சொல்வதே சரி. எங்கள் பக்கத்துக் கோம்பை நாய்கள் காவலுக்கும் பன்றி வேட்டைக்கும் தலைமுறை தலைமுறையாக வளர்க்கப்பட்டவை. பொம்மை என்ற ஒன்றை அவை கண்டதே இல்லை. வேகவைத்த எலும்பு கூரான சிம்புகளாகப் பிளந்து குடலைக் குத்தும் என்பதால் அதை மட்டும் தரக் கூடாது. பச்சை எலும்பு அப்படியன்று. நாயின் வயிற்று அமிலத்துக்கு அதைக் கரைக்கும் வலிமை உண்டு. கறிக்கடையில் கேட்டால் சும்மாவே தருவார்கள். ஆயிரம் ரூபாய்க்கு மேல் கொடுத்து வெளிநாட்டு ரப்பர் பொம்மையை வாங்கிப் போட்டு, அதன் துண்டுகளை நாய் விழுங்கிவிட்டதே என்று மருத்துவரிடம் ஓடுவதில் என்ன அறிவு இருக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை.

பல்வரிசை

ஐயா, வேகவைத்த எலும்பு குறித்து நீங்கள் சொன்னதில் எனக்கு முழு உடன்பாடு. மற்றதில் இல்லை. கடைக்குப் போகும்போது நாம் எல்லோரும் பொருள் உடையாமல் இருக்குமா என்று மட்டுமே பார்க்கிறோம். பொருள் உடையாவிட்டால் பல் உடையும் என்பதை யாரும் நினைப்பதில்லை.

நாயின் மேல்தாடையில் இருபுறமும் உள்ள நான்காவது முன்கடைவாய்ப்பல், கீழ்த்தாடையின் முதல் கடைவாய்ப்பல்லோடு கத்தரிக்கோலின் இரு அலகுகளைப் போல உரசி இறைச்சியை வெட்டுவதற்காக அமைந்தது. அவ்விரண்டுக்கும் நடுவே மாட்டுக் கால் எலும்போ குளம்போ வந்து சிக்கி, நாய் முழு வலுவோடு அழுத்தும்போது, மேல்பல்லின் வெளிப்புறச் சுவர் ஒரு தகடாகப் பெயர்ந்துவிடும். நாயின் பல்லில் உள்ள எனாமல் மனிதப் பல்லில் இருப்பதைவிட மிகவும் மெல்லியது. பெரும்பாலான இடங்களில் ஒரு மில்லிமீட்டர் கனம்கூட இல்லை. தகடு பெயர்ந்தால் உள்ளே இருக்கும் பற்கூழ் திறந்துகொள்கிறது, சீழ் பிடிக்கிறது, சில நாய்களுக்குக் கண்ணுக்குக் கீழே வீக்கம் தோன்றுகிறது. அந்தப் பல்லுக்கு மூன்று வேர்கள் இருப்பதால் மயக்க மருந்து கொடுத்துப் பல்லைத் துண்டாக்கித்தான் எடுக்க வேண்டியிருக்கும்.

விலங்குகளுக்கான பல் மருத்துவர்கள் இதற்கு எளிய சோதனை ஒன்றைச் சொல்வார்கள். கட்டைவிரல் நகத்தால் பொருளை அழுத்துங்கள். சிறிதும் பள்ளம் விழவில்லை என்றால் அது நாய்க்கு வேண்டாம். அதைக் கொண்டு உங்கள் முழங்கால் சில்லில் தட்டிப் பாருங்கள். உங்களுக்கு வலித்தால் நாயின் பல்லுக்கும் ஆபத்துதான். குளம்பு, எருமைக் கொம்பு, கெட்டி நைலான், நேபாளத்திலிருந்து வரும் காய்ந்த யாக் பாலாடைக்கட்டி ஆகிய அனைத்தும் இச்சோதனையில் தோற்பவையே. மான்கொம்பைப் பற்றிப் பேசவே தேவையில்லை. நம் நாட்டுப் புள்ளிமான், கடமான் கொம்புகளை, அவை தாமாக உதிர்ந்தவையாகவே இருந்தாலும், விற்பதும் வாங்குவதும் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

உத்தமபாளையத்தார்

இத்தனை ஆபத்து இருக்குமானால் எங்கள் ஊரில் பாதி நாய்கள் பொக்கைவாயாகத் திரிய வேண்டுமே! பல் உடைந்து சோறு தின்னாமல் கிடந்த கோம்பை நாயை நான் பார்த்ததில்லை.

பல்வரிசை

பார்த்திருக்க மாட்டீர்கள், ஏனெனில் பல் வலிக்காகச் சோற்றை நிறுத்தும் நாய்கள் மிகக் குறைவு. வலிக்கும் பக்கத்தை விட்டுவிட்டு மறுபக்கத்தால் மென்று, வழக்கம்போல வாலை ஆட்டிக்கொண்டிருக்கும். மேலுதட்டைப் பின்னோக்கித் தூக்கிக் கடைவாயைப் பார்த்தால்தான் பெயர்ந்த பல் தெரியும். காவல் நாயின் வாயை அப்படித் திறந்து பார்ப்பவர்கள் ஊரில் எத்தனை பேர்? இன்னொன்றையும் கவனியுங்கள். உங்கள் நாய்க்குத் தோப்பு முழுவதும் ஓடித் திரிய இடம் இருக்கிறது, எலும்பு என்றாவது ஒரு நாள் கிடைக்கிறது. மாடிவாசியின் நாய்க்கு நான்கு சுவருக்குள் நாள் முழுவதும் கிடைக்கப்போவது அந்த ஒரே எலும்புதான்.

ரப்பரைப் பொறுத்தவரை, வளைந்து கொடுத்து மீள்கிற கனமான இயற்கை ரப்பரைத்தான் நான் சொல்கிறேன். கோங் என்ற பொம்மை பிறந்த கதையே இதற்குப் பொருந்தும். 1970களில் அமெரிக்காவின் கொலராடோவில் ஜோ மார்க்கம் என்பவரின் ஜெர்மன் ஷெப்பர்டு நாய் கல்லைக் கடித்துக் கடித்துப் பல்லைத் தேய்த்துக்கொண்டிருந்தது. அவர் தம் ஃபோக்ஸ்வாகன் வேனைப் பழுதுபார்த்தபோது கழற்றிப் போட்ட ரப்பர் பாகம் ஒன்றை அது எடுத்துக் கடிக்கத் தொடங்கி, கற்களை விட்டுவிட்டது. அந்த வடிவமே பிறகு பொம்மையானது. அதில் குட்டிகளுக்கு மென்மையான வகையும், வளர்ந்த நாய்க்குச் சிவப்பும், வலுவாக மெல்லும் நாய்க்குக் கறுப்பும் கிடைக்கின்றன. மாடிவாசி கறுப்பில் பெரிய அளவை வாங்கலாம். பெட்டியில் எழுதியிருக்கும் நாயின் எடையை மட்டும் நம்பாமல், பொம்மை முழுவதுமாகக் கடைவாய்க்குப் பின்னால் போய்விடாத அளவில் இருக்கிறதா என்று பாருங்கள். சந்தேகம் வந்தால் ஓர் அளவு பெரியதை எடுங்கள். எந்த நிறுவனத்தின் பொம்மையானாலும் உள்ளீடற்றதாக இருந்தால் இரண்டு துளைகள் இருக்க வேண்டும். ஒரே துளை உள்ள பந்தில் நாக்கு நுழைந்தால் உள்ளே காற்று வெற்றிடமாகி, நாக்கு வெளியே வராமல் வீங்கிவிடும்.

உறையூர் அத்தை

இருவரும் பொருளைப் பற்றியே வாதாடுகிறீர்கள். மாடிவாசியின் நாய் கதவு நிலையைச் செதுக்குவது பொம்மை இல்லாததால் என்று யார் சொன்னது? வேலை இல்லாததால் செதுக்குகிறது. விலையுயர்ந்த ரப்பரை வெறுமையாகத் தரையில் போட்டால் அதை ஒருமுறை முகர்ந்துவிட்டு மறுபடியும் கதவுக்கே போகும்.

ரப்பருக்குள் என்ன வைக்கிறோம் என்பதில்தான் காரியம் இருக்கிறது. உப்பும் தாளிப்பும் இல்லாத தயிர்ச்சாதத்தைக் குழைவாகப் பிசைந்து, வேகவைத்த பரங்கிக்காயோ முட்டையோ சிறிது கலந்து, அகலமான வாய்ப்பக்கம் மேலே இருக்கும்படி ஒரு தம்ளரில் நிறுத்தி நிரப்புங்கள். கீழே உள்ள சிறு துளையை முதலில் ஒரு கேரட் துண்டால் அடைத்துக்கொண்டால் தயிர் ஒழுகாது. இரவு முழுவதும் உறைபெட்டியில் இருந்தால் கல்லாக இறுகிவிடும்; காலையில் நீங்கள் புறப்படும்போது கொடுத்தால் நெடுநேரம் நக்கியும் மென்றும் களைத்துத் தூங்கிவிடும். வெங்காயம், திராட்சை, உலர்திராட்சை எதுவும் உள்ளே போகக் கூடாது. கடையில் வாங்கும் நிலக்கடலை வெண்ணெயில் சைலிட்டால் என்ற இனிப்பு சேர்ந்திருந்தால் அது நாய்க்கு நஞ்சு.

மற்றபடி, டென்னிஸ் பந்தை எறிந்து விளையாடலாம், மெல்லக் கொடுக்கக் கூடாது. மேலுள்ள கம்பளி இழையில் மண் சேர்ந்து உப்புத்தாளைப் போலப் பல்லைத் தேய்க்கும். கயிற்றுப் பொம்மையோடு நாயைத் தனியே விடாதீர்கள். விழுங்கிய நூல் குடலைச் சுருக்கிக் கிழித்துவிடும். தோலை முறுக்கி முடிச்சுப் போட்டு வெள்ளை எலும்பு வடிவில் விற்கிறார்களே, அது ஊறிய பின் பெரிய துண்டாகக் கழன்று தொண்டையிலோ குடலிலோ அடைத்துக்கொள்ளும். பழைய செருப்பைக் கொடுப்பதும் தவறுதான். பழையது எது, நேற்று வாங்கியது எது என்று நாய்க்கு எப்படித் தெரியும்?

உத்தமபாளையத்தார்

தயிரும் பரங்கிக்காயும் பூசிய பொம்மையை வீட்டில் போட்டால் எறும்பு வருமா வராதா, அத்தை? அந்தத் துளைக்குள் யார் கைவிட்டுக் கழுவுவது? மேலும் லேப்ரடார் இயல்பிலேயே தீராப்பசி கொண்ட சாதி. நாள் முழுவதும் தின்னக் கொடுத்தால் உருண்டுதான் போகும்.

உறையூர் அத்தை

எறும்பு வரத்தான் செய்யும். அகலமான தட்டில் சிறிது தண்ணீர் விட்டு நடுவில் வைத்துக் கொடுங்கள். முடித்தவுடன் வெந்நீரில் ஊறவைத்துப் பால் புட்டி கழுவும் தூரிகையால் தேய்த்தால் போயிற்று. உடல் பெருக்கும் என்பதில் நீங்கள் சொல்வது நியாயம். 2016இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், லேப்ரடார்களில் ஏறத்தாழ நான்கில் ஒன்றிடம் பசியையும் எடையையும் கூட்டும் மரபணு மாற்றம் இருப்பதைக் கண்டறிந்தார்கள். அதனால்தான் சொல்கிறேன், பொம்மையில் வைப்பது கூடுதல் தீனியாக இருக்கக் கூடாது. காலைச் சோற்றிலிருந்தே அதை எடுத்து வையுங்கள். தட்டில் போட்டால் மூன்று நிமிடத்தில் விழுங்குகிற அதே சோற்றை உழைத்துத் தின்னட்டுமே.

மேடவாக்கம் மாடிவாசி

மூவருக்கும் நன்றி. மாலையில் அவனோடு கயிறு இழுக்கும் விளையாட்டு ஆடலாமா? அது நாயை மூர்க்கமாக்கும் என்று குடியிருப்பில் ஒருவர் எச்சரித்தார்.

உத்தமபாளையத்தார்

அவர் சொன்னது சரி. வாயில் பிடித்ததை மனிதனிடமிருந்து இழுத்துப் பறிக்கலாம் என்று ஒருமுறை கற்றுக்கொண்ட நாய், நாளைக்குக் குழந்தையின் கையில் உள்ள பிஸ்கட்டையும் அப்படித்தான் பறிக்கும். என் வீட்டில் அந்த விளையாட்டுக்கு இடமில்லை.

பல்வரிசை

விதி இல்லாமல் ஆடினால் ஐயா சொல்வது நடக்கலாம். விதியோடு ஆடினால், வாயில் உள்ளதை விடுவதற்கு அதைவிட நல்ல பயிற்சி கிடையாது. ஆட்டத்தைத் தொடங்குவதும் முடிப்பதும் நீங்களாக இருக்க வேண்டும். "விடு" என்று சொல்லி, இழுப்பதை நிறுத்திக் கையைத் தளர்த்தி அசையாமல் நில்லுங்கள். அவன் விட்ட அந்தக் கணமே மீண்டும் இழுக்கக் கொடுங்கள். விட்டால்தான் ஆட்டம் தொடரும் என்பதை லேப்ரடார் விரைவில் புரிந்துகொள்ளும். பல் கையில் பட்டால் அன்றைய ஆட்டம் அத்துடன் முடிந்தது. வளரும் கழுத்தாகையால் மேல்நோக்கித் தூக்காமல் பக்கவாட்டில் தாழ்வாக இழுங்கள். ரிமோட்டை வாயில் வைத்துக்கொண்டு சோபாவுக்கு அடியில் ஒளியும் நாளில் இந்த "விடு" உங்களுக்கு உதவும்.

ரப்பர் பொம்மையையும் வாரம் ஒருமுறை வளைத்துப் பாருங்கள். மேலே பல் தடம் இருப்பதில் தவறில்லை. வளைக்கும்போது வாய் பிளக்கும் வெடிப்போ, ஒரு மூலை காணாமல் போயிருப்பதோ தெரிந்தால், எவ்வளவு விலை கொடுத்திருந்தாலும் குப்பையில் போட்டுவிடுங்கள். துண்டு காணாமல் போன நாளில் நாய் வாந்தி எடுத்தாலோ உணவை மறுத்தாலோ காத்திருக்காமல் மருத்துவரிடம் கொண்டுசெல்லுங்கள்.

உத்தமபாளையத்தார்

வாரம் ஒருமுறை வளைத்துப் பார்த்துக் குப்பையில் போட வேண்டிய ஒன்றுக்கா ஆயிரம் ரூபாய்? நான் எலும்போடுதான் இருப்பேன். ஆனாலும் மாடிவாசி, அத்தை சொன்ன தயிர்ச்சாதத்தை முதலிலேயே உறையவைத்துக் கொடுக்காதீர்கள். புதிதாகக் கற்கும் நாய் ஒன்றும் கிடைக்கவில்லை என்று சலித்து விட்டுவிடும். தொடக்கத்தில் எளிதாக உதிரும்படி தளர்வாக வைத்து, நீங்கள் வீட்டில் இருக்கும் ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்துக் கொடுங்கள்.