த்ரீ நாட் த்ரீ கேஸில் ஒரு வளையம்: பழைய தோட்டா, புதுத் தோட்டா அனுபவங்கள்

வி.கே.புரத்தான், இப்போது பெர்த்

த்ரீ நாட் த்ரீ (.303) ரைஃபிள் தோட்டாவோட கேஸ், அதாவது பித்தளைக் கூடு. அடி விளிம்பான ரிம்முக்குக் கொஞ்சம் மேல, பித்தளையைச் சுத்தி பளபளன்னு ஒரு வளையம். நகத்தால தடவினா வெளியில ஒண்ணும் தட்டுப்படல. பேப்பர் கிளிப்பை நிமித்தி, நுனியைக் கொக்கி மாதிரி வளைச்சு கேஸுக்குள்ள விட்டு அடியிலிருந்து மேல இழுத்தா, வளையத்துக்கு நேரா உள்பக்கம் ஒரு பள்ளத்துல 'டக்'குன்னு மாட்டுது. நாலு தடவை ரீலோட் பண்ணி (சுட்ட கேஸுக்கே மறுபடி மருந்தும் புல்லட்டும் ஏத்தி), 150 கஜத்துக்குள்ள சுட்ட கேஸ். பெட்டியில இருந்த இருபதுல பதினொண்ணு இப்படி. இன்னொரு தடவை சுட்டிருந்தா தலை மட்டும் போல்ட்டோட (குழலோட பின்பக்கத்தை மூடுற தண்டு) வெளிய வந்து, மிச்சக் குழாய் சேம்பருக்குள்ளயே (குழல்ல தோட்டா உக்காருற இடம்) இறுகியிருக்கும்.

அதே மேசையில ஒன்பது தடவை ஏத்தின 308 கேஸ் இருக்கு. அதுல வளையமே இல்ல. 1888-ல வந்த தோட்டாவுக்கும் 1952-ல வந்த தோட்டாவுக்கும் பித்தளையில இவ்வளவு வித்தியாசமா? இல்ல, வேற காரணம் இருக்கா?

பாளை ஆர்மரர்

பித்தளை மேல பழி போடாதீங்க தம்பி. டையை (சுட்ட கேஸைப் பழைய அளவுக்கு அமுக்குற அச்சு) எவ்வளவு இறக்கி மாட்டியிருக்குன்னு பாருங்க.

த்ரீ நாட் த்ரீயை சேம்பர்ல நிறுத்துறது ரிம்தான். ஷோல்டர் (கேஸ் உடம்பு கழுத்துக்குக் குறுகுற சரிவு) எங்க முட்டுதுங்கிறதைப் பத்தி பிரிட்டிஷ் ராணுவம் கவலைப்படல. சேறு ஒட்டின தோட்டாவும் சிக்காம உள்ள போகணும், அதனால அவங்க என்ஃபீல்டு ரைஃபிள் சேம்பரோட முன்பக்கம் தாராளமா இருக்கும். போர்க்களத்துல ஒரு கேஸை ஒரு தடவைதான் சுடுவாங்க, பொறுக்கி வந்து திரும்ப ஏத்த மாட்டாங்க. முதல் வெடியிலேயே ஷோல்டர் முன்னால ஓடி சேம்பர் அளவுக்கு வந்துடும். கேஸ் முழுசையும் அமுக்குற ஃபுல் லெங்த் டையில போட்டு அதைப் பழைய இடத்துக்குத் தள்ளுறீங்க. அடுத்த வெடியில மறுபடி முன்னால ஓடுது. அந்த நீளத்துக்குப் பித்தளை எங்கிருந்து வரும்? கட்டியான அடிப்பாகம் முடிஞ்சு சுவர் மெலிய ஆரம்பிக்கிற இடத்துலயிருந்துதான். உங்க வளையமும் அங்கதான் இருக்கு. 308 ஷோல்டர்ல நிக்கிற தோட்டா, அதோட சேம்பரும் நெருக்கம். ஓடுறதுக்கு இடமே கிடையாது.

செய்ய வேண்டியது இதுதான். புதுக் கேஸை முதல் தடவை சுடும்போது ரிம்முக்கு முன்னால ஒரு மெல்லிய ரப்பர் ஓ-ரிங் மாட்டுங்க. அது கேஸோட பின்பக்கத்தை போல்ட் முகத்தோட ஒட்டி நிறுத்தும், அதனால ஷோல்டர் மட்டும் முன்னால போகும், அடி நீளாது. அப்புறம் கழுத்தை மட்டும் அமுக்குற நெக் டை போதும். அந்தக் கேஸை அதே ரைஃபிள்லதான் சுடணும், அடுத்த ரைஃபிளுக்குக் கொடுக்கக் கூடாது. சில தடவை கழிச்சு போல்ட் மூட இறுக்கமா இருந்தா மட்டும் ஃபுல் லெங்த் டையை எடுங்க. அப்பவும் ஷெல் ஹோல்டர்ல (கேஸ் அடியைப் பிடிச்சிருக்கிற பிடி) முட்ட விடாம, ஷோல்டர் ஒண்ணு ரெண்டு தவ் (இன்சுல ஆயிரத்துல ஒரு பங்கு) மட்டும் பின்னால போற மாதிரி தூக்கி வையுங்க. டை மரை இன்சுக்கு 14, அதனால கால் சுத்து தூக்கினா கிட்டத்தட்ட 18 தவ். கேஸ் நீளம் 2.222 இன்சைத் தாண்டினா 2.212-க்கு வெட்டணும்.

இன்னொண்ணு. இதுக்குப் புல்லட் 0.311 அல்லது 0.312. மலிவாக் கிடைக்குதுன்னு 308 புல்லட்டைப் போட்டா ரைஃப்ளிங் (குழலுக்குள்ள உள்ள சுருள் வெட்டு) பிடிப்பு பத்தாது, குறி அட்டையில சாவித் துவாரம் மாதிரி சாய்வா ஓட்டை விழும். அப்புறம் "பழைய தோட்டா குறி தப்புது"ன்னு பேச்சு வரும்.

களக்காட்டான், டல்லாஸ்

ஆர்மரர் சார், டை விஷயம் முழுக்க சரி. ஆனா நீங்க சொல்ற ஓ-ரிங், நெக் டை, ஒரே ரைஃபிள்ங்கிற கட்டுப்பாடு எல்லாமே பழைய வடிவமைப்போட குறையைச் சரிக்கட்டுறதுக்குத்தானே? புதுசுல அந்த வேலையே இல்ல.

மனசுல நிக்கிறது ரெண்டு குறி அட்டை. 100 கஜத்துல 308-உம், 6.5 கிரீட்மூர்ங்கிற புதுத் தோட்டாவும் ஒரே மாதிரி, ரெண்டுமே ஒரு இன்சுக்குள்ள அஞ்சு குண்டு. 600 கஜத்துல பக்கக் காத்து அடிச்சதும் 308 குரூப் (குண்டுகள் விழுந்த கூட்டம்) பக்கவாட்டுல பப்படம் மாதிரி விரிஞ்சது, கிரீட்மூர் குரூப் அவ்வளவு அகலமாகல. காரணம் புல்லட்தான். 308-க்கான 168 கிரெயின் மேட்ச் புல்லட்டோட பி.சி. (காத்தைக் கிழிச்சுப் போற திறனோட அளவு) 0.46 பக்கம். 6.5-ல 140 கிரெயின் நீளப் புல்லட்டுக்கு 0.6-க்கும் மேல. 2007-ல அந்தத் தோட்டாவை வரையும்போதே அந்த நீளத்துக்கு இடம் விட்டிருக்காங்க. கேஸ் 1.920 இன்சுதான், அதனால புல்லட் வால் மருந்து இடத்துக்குள்ள ஆழமா இறங்காம மேகசின் நீளத்துலயே உக்காரும். ஷோல்டர் 30 டிகிரி, குழல்ல ரைஃப்ளிங் 8 இன்சுக்கு ஒரு சுத்து. 308 ஷோல்டர் 20 டிகிரி, அதனால கிரீட்மூர்ல கேஸ் நீள்றதும் குறைவு. குழல் மட்டும் 308 அளவுக்கு உழைக்காது, அதை ஒத்துக்கணும்.

பாளை ஆர்மரர்

600 கஜத்துக்கு நீங்க சொல்றது சரி, வாதமே இல்ல. அவர் கேட்டது கேஸ்ல ஏன் வளையம் விழுந்ததுன்னு. 150 கஜத்துக்குள்ள சுடுறவருக்குக் காத்து கணக்கு எதுக்கு?

அம்பை விவசாயி

அண்ணாச்சி, நீங்க ரெண்டு பேரும் தவ் கணக்குல நிக்கிய. இங்க உரிமம் இல்லாம தோட்டா செய்யக் கூடாதுன்னு 1959 ஆயுதச் சட்டம் அஞ்சாம் பிரிவுலயே இருக்கு. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்து, 1991 திருத்தத்தோட வேட்டையும் முடிஞ்சிது. நம்மூர் லைசென்ஸ்காரங்க கையில ரைஃபிள்னா பெரும்பாலும் இச்சாப்பூர் தொழிற்சாலை 315-தான். ராணுவத் தோட்டாவான த்ரீ நாட் த்ரீயைப் பொதுமக்களுக்குக் கொடுக்கக் கூடாதுன்னு பழைய 8 மி.மீ. ரிம் தோட்டாவை வச்சு உருவாக்குனது அது.

கண்ணுலயே நிக்கது ஒரு 315 குழல். குத்தாலத்துல சாரல் அடிக்கிற ஆடி மாசம். பழைய சரக்குத் தோட்டா அஞ்சு சுட்டுட்டு, தேங்கா எண்ணெ துணியால நல்லாத் தொடச்சு வச்சிருக்காவ. பத்து நாள் கழிச்சு வெளிச்சத்துக்கு நேரா பிடிச்சா உள்ள முழுக்க செம்மண் கலரு. எண்ணெ போட்டும் துருப் பிடிச்சிருக்கு! பழைய பிரைமர்ல (தோட்டா அடியில மருந்தைப் பத்த வைக்கிற சின்ன மூடி) பொட்டாசியம் குளோரேட் இருக்கும். வெடிச்சா அது குளோரைடு உப்பா மாறி குழல்ல படியும். உப்பு எண்ணெயில கரையாது. காத்துல உள்ள ஈரத்தை இழுத்துக்கிட்டு எண்ணெக்கு அடியிலேயே அரிக்கும். சுட்ட அன்னைக்கே ஒரு லிட்டர் கொதிக்கிற தண்ணிய புனல் வச்சு பின்பக்கமா ஊத்தணும். போல்ட் முகத்தையும் கழுவணும். குழல் சூட்டுல தானா காயும், பொறவு காஞ்ச துணி, கடைசியாத்தான் எண்ணெ. பழசு குறி தப்புதுங்கிறதுல பாதி இந்தத் துருதான்.

சேரன்மாதேவி

அம்பைக்காரர் உப்பைச் சொன்னதால இதையும் சொல்லுதேன். சுடவே சுடாத தோட்டா ஒண்ணு, கழுத்துல நெட்டுக்கு முடி அளவு விரிசல். அந்தப் பெட்டி இருந்தது யூரியா மூடைக்குப் பக்கத்துல.

இது புது விஷயமில்ல. பிரிட்டிஷ் காலத்துலயே இந்தியாவுல மழைக்காலத்துக்கு லாயத்துல வச்ச தோட்டாக்கள் இப்படி விரிசல் விட்டிருக்கு. குதிரை மூத்திரத்துல இருந்து வர்ற அமோனியாதான் காரணம்னு 1921-ல விளக்கம் கொடுத்தாங்க. பேரே 'சீசன் கிராக்கிங்'. அந்த சீசன் மழைக்காலம்தான், நம்ம குத்தால சீசன் மாதிரி. பித்தளையை இழுத்துக் கூடு செய்யும்போது உள்ளுக்குள்ள ஒரு இறுக்கம் தங்கும். ஈரமும் அமோனியாவும் சேர்ந்தா அந்த இறுக்கம் விரிசலா வெளிய வரும். அதனாலதான் ராணுவக் கேஸ்கள்ல கழுத்தைச் சூடாக்கி இளக்கியிருப்பாங்க (அனீல்), நீலமும் பழுப்புமா ஒரு நிறம் தெரியும். பெர்த்காரரே, நீங்க அனீல் பண்ணினா கழுத்தும் ஷோல்டரும் மட்டும். அடிப்பாகம் சூடானா இளகிரும், அழுத்தம் தாங்காது. தோட்டாவை மாட்டுத் தொழுவம், உர அறை ரெண்டுலயும் வைக்காதீங்க. அமோனியா கலந்த பித்தளை பாலிஷ் கேஸுக்கு ஆகாது. சுட்ட கேஸைப் புளித் தண்ணியில அலசலாம், ஆனா ரொம்ப நேரம் ஊறவிட்டா இளஞ்சிவப்பு தட்டும், துத்தநாகம் கழண்டுட்டுன்னு அர்த்தம். மருந்து ஏத்தின தோட்டாவை எதுலயும் கழுவாதீங்க.

வி.கே.புரத்தான், இப்போது பெர்த்

அளந்து பாத்தாச்சு. சுட்ட கேஸுக்கும் டையில போட்ட கேஸுக்கும் ஷோல்டர் 16 தவ் வித்தியாசம். டை ஷெல் ஹோல்டர்ல முட்டி, அதுக்கு மேலயும் கால் சுத்து இறக்கி இருக்கு. பதினொண்ணையும் இடுக்கியால நசுக்கியாச்சு. மீதி ஒன்பதும் நெக் டைக்குப் போகுது.

பாளை ஆர்மரர்

அந்த ஒன்பதும் வேண்டாம். அதே டை, அதே நாலு தடவை. கிளிப்புல மாட்டல, அவ்வளவுதான், சுவர் மெலிஞ்சிருக்கும். ஒண்ணை நெட்டுக்கு ரம்பத்தால அறுத்துப் பாருங்க, தெரியும். புதுக் கேஸ் வாங்கி ஓ-ரிங்கிலிருந்து ஆரம்பிங்க.