காணி வர்த்தமானியும் எங்கள் எம்பி கேட்ட கேள்விகளும்

புதிதாக வந்த அரசாங்கத்தை எதிர்க்கட்சி எம்பி ஒருவர் கேள்வி கேட்பதைப் பெரும்பாலும் தொலைக்காட்சியில்தான் பார்த்திருப்போம். அந்தக் கேள்வி எங்கே, யாருடைய வாயிலிருந்து பிறக்கிறது என்று பக்கத்தில் இருந்து பார்க்கும் சந்தர்ப்பம் எனக்கு 2025இல் கிடைத்தது. யாழ்ப்பாணத்து வடமராட்சி கிழக்கில் எங்கள் குடும்பத்துக்கும் கொஞ்சம் காணி இருக்கிறது. ஆகவே இது எனக்கு வெறும் அரசியல் செய்தி இல்லை.

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். 2025 மார்ச் 28ஆம் திகதி, காணி நிர்ணயக் கட்டளைச் சட்டத்தின் 4ஆம் பிரிவின் கீழ் ஒரு வர்த்தமானி (அரசிதழ்) அறிவித்தல் வந்தது. இலங்கையின் வட மாகாணத்தில் மொத்தம் 5,940 ஏக்கர். அதில் யாழ் மாவட்டத்துக்கு மட்டும் 3,669 ஏக்கர். எங்கள் ஊர் அளவில் ஏக்கருக்கு 16 பரப்பு என்று பார்த்தால் 58,000 பரப்புக்கு மேல் வரும். உரிமை உள்ளவர்கள் மூன்று மாதத்துக்குள் ஆதாரத்தோடு கோரிக்கை வைக்க வேண்டும். யாரும் கோராத காணியை அரச காணி என்று பிரகடனப்படுத்த அந்தச் சட்டத்தில் இடம் இருக்கிறது. 1931இல், வெள்ளைக்காரர் ஆட்சியில் வந்த சட்டம் அது.

வர்த்தமானியை வீட்டில் யார் எடுத்துப் படிக்கிறார்கள்? பத்திரிகையில் வந்த பிறகுதான் ஊருக்குத் தெரிந்தது. அப்போது மே 6ஆம் திகதி நடக்கவிருந்த உள்ளூராட்சித் தேர்தலுக்குப் பிரசாரம் சூடாக நடந்துகொண்டிருந்தது.

எங்கள் ஒழுங்கையில் ஒரு தம்பி இருக்கிறான், படித்தவன், ஆளும் கட்சியான தேசிய மக்கள் சக்திக்காக வீடு வீடாகப் போனவன். 2024 நவம்பர் தேர்தலில் யாழ் மாவட்டத்தின் ஆறு ஆசனங்களில் மூன்று அந்தக் கட்சிக்குப் போனதே, அதில் அவனைப் போன்ற பிள்ளைகளின் உழைப்பு நிறைய இருக்கிறது. அவனைத்தான் முதலில் கேட்டேன். "அக்கா, இது காணி பறிக்க இல்லை. உறுதி இல்லாத சனத்துக்கு உறுதி குடுக்கத்தான் செய்யினம்" என்றான். உறுதி என்றால் காணியின் உரிமைப் பத்திரம். அரசாங்கம் சொன்ன விளக்கமும் அதுவே. அவன் மனசார நம்பித்தான் சொன்னான், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் மூன்று மாதத்தில் கோராவிட்டால் என்ன ஆகும் என்று அந்த அறிவித்தலைக் காட்டிக் கேட்டபோது அவனிடம் பதில் இல்லை.

அப்புறம் வாசிகசாலையில் கூட்டங்கள் நடந்தன. ஒரு அரசியல்வாதி வந்தார். 1948இல் தொடங்கி நாங்கள் இழந்தவற்றை எல்லாம் வரிசையாகச் சொன்னார். சொன்னது அத்தனையும் உண்மை. சனம் கைதட்டியது. அவர் போன பிறகு பார்த்தால், மடியில் பொலித்தீன் பையில் பழைய கடதாசிகளைச் சுற்றிக்கொண்டு வந்திருந்த வயதானவர்கள் அதை அவிழ்க்காமலே திரும்பிப் போனார்கள். எனக்கு அது தாங்கமுடியாத கவலையாக இருந்தது.

பிறகு வந்தவர்தான் நான் சொல்ல வந்த எம்பி. எதிர்க்கட்சி வரிசையில் இருப்பவர். பெயர் வேண்டாம், அவரும் விளம்பரம் கேட்கவில்லை. மேடையில் ஏறாமல் ஒரு கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு, கொப்பியும் பேனையுமாக இருந்தார். ஒவ்வொருவராக வரச் சொன்னார்.

"உறுதி இருந்தது தம்பி. சுனாமியோட போட்டுது" என்றார் ஒரு அம்மா. 2004 டிசம்பரில் எங்கள் கரையோரத்தில் என்ன நடந்தது என்பது எல்லோருக்கும் தெரியும். இன்னொருவரின் உறுதி சுனாமியில் தப்பி, பிறகு யுத்தத்தில் இடம்பெயர்ந்த வழியில் பெட்டியோடு தொலைந்தது. ஒருவருக்குக் காணி பேரனாருடைய பெயரிலேயே இருக்கிறது. நாலு தலைமுறைக்குப் பங்கு பிரிக்கவில்லை, பிள்ளைகள் கனடா, பிரான்ஸ், லண்டன் என்று சிதறிப்போனார்கள். அவர்கள் எல்லோரும் தங்கள் சார்பில் செயற்பட இன்னொருவருக்கு அதிகாரம் கொடுக்கும் அற்றோனித் தத்துவம் எழுதி, தூதரகத்தில் உறுதிப்படுத்தி அனுப்ப மூன்று மாதம் எந்த மூலைக்குக் காணும்? வாய்ப்பேச்சில் கொடுத்த சீதனக் காணி, எல்லைக் கல்லே இல்லாத பனங்கூடல், கடற்கரையோடு ஒட்டிய, மீனவர் கொட்டில் போடும் வாடி நிலம் என்று எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். எந்த ஆண்டு இடம்பெயர்ந்தீர்கள், எப்போது திரும்பி வந்தீர்கள், காணிப் பதிவகத்தில் பிரதி தேடிப் பார்த்தீர்களா என்று கேட்டுக்கொண்டே இருந்தார். இருட்டிய பிறகும் போகவில்லை.

கடைசியில் நான் கேட்டேன், "ஐயா, இதையெல்லாம் அங்கே சொல்ல உங்களுக்கு நேரம் தருவார்களா?" அவர் சொன்ன விளக்கத்தை என் வார்த்தையில் தருகிறேன். ஏன் எங்கள் காணியைப் பறிக்கிறீர்கள் என்று கேட்டால், பறிக்கவில்லை, உறுதி கொடுக்கிறோம் என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். மறுநாள் இரண்டு தரப்பும் பத்திரிகையில் வரும், அவ்வளவுதான். அதனால் தப்ப முடியாத கேள்வியாகக் கேட்க வேண்டும். இதுவரை எத்தனை கோரிக்கைகள் வந்திருக்கின்றன? உறுதி அழிந்தவரிடம் வேறு எந்த ஆவணத்தை ஏற்பீர்கள்? வெளிநாட்டில் இருப்பவர் எப்படி விண்ணப்பிப்பது? நோக்கம் உறுதி கொடுப்பதுதான் என்றால், காணியை அரசுடைமை ஆக்க இடம் தரும் இந்தச் சட்டத்தை ஏன் தேர்ந்தெடுத்தீர்கள்? மாகாண சபைகளைக் கொண்டுவந்த அரசியலமைப்பின் 13ஆம் திருத்தத்தில் சொல்லப்பட்ட தேசியக் காணி ஆணைக்குழுவை 1987இலிருந்து எந்த அரசாங்கமும் அமைக்கவில்லையே, உங்கள் கொள்கை என்ன?

கடைசிக் கேள்விதான் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. எங்கள் ஊர்ப் பனங்கூடலில் தொடங்கிய பேச்சு நாட்டின் காணிக் கொள்கை வரைக்கும் போய்விட்டது.

பாராளுமன்றக் கணக்கையும் யோசித்துப் பாருங்கள். 225 பேரில் ஆளும் தரப்பு 159. தமிழரசுக் கட்சிக்கு 8. எதிர்க்கட்சியில் மற்றத் தமிழ் எம்பிக்கள் ஓரிருவர் ஓரிருவராக வெவ்வேறு கட்சிகளில். வாக்கெடுப்பில் எதையும் தடுக்க முடியாது. கட்சித் தலைவர்கள் சபை விதியான நிலையியற் கட்டளை 27(2)இன் கீழ் கேட்கலாம், வாய்மூல வினா கொடுக்கலாம், ஒத்திவைப்பு வேளையில் பேசலாம். கையில் இருப்பது கேள்வி ஒன்றுதான். அதையும் வீணாக்கினால் எங்களுக்கு என்ன மிச்சம்?

தமிழ் எம்பிக்கள் சபையில் இந்த வர்த்தமானியை எழுப்பிய நாட்களில் நேரடி ஒளிபரப்பை விடாமல் பார்த்தேன். வழக்கமாக ஒருவரை ஒருவர் குற்றம் சொல்பவர்கள்கூட இதில் ஒரே பக்கம் நின்றார்கள். மே மாதத்தில் பிரதமர் ஹரிணி அமரசூரிய வடக்கு எம்பிக்களை அழைத்துப் பேசினார். இன்னொரு பக்கம் தமிழரசுக் கட்சியின் சட்டத்தரணி சுமந்திரன் உயர் நீதிமன்றத்துக்குப் போனார். ஜூன் கடைசியில், மூன்று மாதக் கெடு முடியும் தறுவாயில், இடைக்காலத் தடை வந்தது. அரசாங்கமும் வர்த்தமானியை மீளப் பெற்றுக்கொண்டது.

யாருக்குப் பெருமை என்று பிறகு பெரிய சண்டை. எனக்கு அதில் அக்கறை இல்லை. நீதிமன்றத் தடை இல்லாவிட்டால் கெடு முடிந்திருக்கும், அதை ஒத்துக்கொள்ள வேண்டும். அதே நேரம், சபையில் திரும்பத் திரும்பக் கேட்டதால்தான் ஒரு மூலையில் கிடந்த அறிவித்தல் நாடு முழுவதும் பேசப்பட்டது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

எங்கள் ஒழுங்கைத் தம்பியைப் பிறகு சந்தித்தேன். "பாத்தீங்களா அக்கா, எங்கட ஆக்கள் சொன்னதைக் கேட்டவைதானே. முந்தின அரசாங்கங்கள் கேட்டிருக்குமோ?" என்றான். நியாயமான பேச்சு. முந்தியவர்களிடம் எங்கள் காணிகளை விடச் சொல்லி எத்தனை வருடம் வீதியில் இருந்தோம். கேள்வி கேட்டபின் ஒரு அரசாங்கம் பின்வாங்கினால் அதைப் பலவீனம் என்று கேலி செய்யக்கூடாது என்பது என் கருத்து. எதிர்க்கட்சிக்காரர் சிலர் அப்படிக் கேலி செய்தார்கள். அடுத்த முறை பின்வாங்கத் தயங்குவார்களே என்று எனக்குக் கோபம் வந்தது.

இன்னும் பதில் வராத கேள்வி ஒன்று இருக்கிறது: மாகாண சபைத் தேர்தல் எப்போது? 13ஆம் திருத்தத்தின்படி காணி என்பது மாகாண சபைக்குரிய விடயங்களில் ஒன்று. வடக்கு மாகாண சபைக்கு ஒரே ஒரு தேர்தல்தான் நடந்தது, 2013இல். 2018 ஒக்டோபரில் அதன் காலம் முடிந்தது. கைதடியில் கட்டடம் இருக்கிறது, சபை இல்லை. 2017இல் தேர்தல் முறையை மாற்றினார்கள். புதிய எல்லை நிர்ணய அறிக்கை 2018 ஓகஸ்டில் பாராளுமன்றத்துக்கு வந்தபோது அதற்கு ஆதரவாக ஒரு வாக்குக்கூட விழவில்லை. அதோடு எல்லாம் நின்றுபோனது. ஒரு வருடத்துக்குள் மாகாண சபைத் தேர்தல் என்று தேசிய மக்கள் சக்தி தன் விஞ்ஞாபனத்தில் எழுதியது. சபை இருந்திருந்தால் எங்கள் வாசிகசாலைக் கேள்விகளைக் பாராளுமன்றம் வரை தூக்கிக்கொண்டு போக வேண்டியதில்லை.

எம்பி திரும்ப வந்தபோது சனம் தேர்தல் திகதியைக் கேட்கச் சொன்னது. கேட்பேன் என்றார். கூடவே, வர்த்தமானி போய்விட்டது என்று சும்மா இருக்காமல் உறுதி தொலைத்தவர்களின் விபரத்தை ஊர் வாரியாகத் திரட்டித் தரச் சொன்னார். பழைய உறுதி இலக்கம் தெரிந்தால் அது, தெரியாவிட்டால் அதை எழுதிய நொத்தாரிசின் (உறுதி எழுதும் சட்டத்தரணியின்) பெயரும் ஏறத்தாழ எந்த ஆண்டு என்பதும். வாசிகசாலைப் பிள்ளைகள் கொப்பியோடு வீடு வீடாகப் போகிறார்கள். அந்த ஆளும் கட்சித் தம்பியும் அவர்களோடு சேர்ந்து போகிறான்.