இலவச லேப்டாப்புல 8ஜிபி ரேம் போட்டா திரையே வரலை, பயாஸ் அப்டேட் பண்ணலாமா?

நீடா_ஜெராக்ஸ்:

வணக்கம். நீடாமங்கலத்துல ரயில்வே கேட்டுக்குப் பக்கத்துல ஜெராக்ஸ் கடை வச்சிருக்கேன். ஊரே அந்த கேட்டைத் திட்டும், எனக்கு மட்டும் அதுதான் சோறு போடுது. கேட் மூடினா பஸ்ஸுல உக்காந்திருக்கவங்க இறங்கி வந்து ஆதார் நகல் எடுத்துட்டு ஓடிப்போய் ஏறிக்குவாங்க.

இப்ப சம்பா பயிர்க் காப்பீடு நேரம். சிட்டா, அடங்கல், பாஸ்புக் நகல்னு காலையில கடை திறக்குறதுக்கு முன்னாடியே நாலு பேர் படியில உக்காந்திருக்காங்க. ஒரே கம்ப்யூட்டர் வச்சு சமாளிக்க முடியலை. அதனால வீட்டுல கிடந்த தங்கச்சி லேப்டாப்பை எடுத்தேன். 2012ல ப்ளஸ் டூ படிக்கிறப்ப ஸ்கூல்ல கொடுத்த அரசு லேப்டாப். ப்ராசஸர் பென்டியம் பி950, ரேம் 2ஜிபி, ஹார்ட் டிஸ்க் 320ஜிபி. விண்டோஸ் மாதிரியே இன்னொரு இயங்குதளமா கூட வந்த பாஸ் லினக்ஸை யாரோ எப்பவோ அழிச்சிட்டாங்க, அன்னைக்கு வந்த விண்டோஸ் 7 மட்டும் அப்படியே இருக்கு. (வால்பேப்பர்ல பிடிச்ச நடிகர் படம் வைக்க முடியலைன்னு தங்கச்சி அப்ப அழுத அழுகை இன்னும் காதுல இருக்கு.)

ரெண்டு டேப் திறந்தா மூணாவதுக்கு மூச்சு வாங்குது. தஞ்சாவூர் போய் 8ஜிபி ரேம் ஒண்ணு வாங்கிட்டு வந்தேன். போட்டா விளக்கு எரியுது, ஃபேன் சுத்துது, திரை கறுப்பு. பழைய 2ஜிபியைப் போட்டா உடனே வந்துடுது. ரேம் கொடுத்தவர் "இந்த போர்டு ஏத்துக்காது"ன்னு ஒரே வார்த்தையில முடிச்சிட்டார். தேடிப் பார்த்ததுல பயாஸ் (ஆன் பண்ணினதும் முதல்ல ஓடுற, போர்டு சிப்புல இருக்கிற மென்பொருள்) அப்டேட் பண்ணினா சரியாகும்னு சிலர் எழுதியிருக்காங்க. என் லேப்டாப்புல இருக்கிற பயாஸ் தேதி 2011. தயாரிப்பாளர் தளத்துல 2013ல வந்தது இருக்கு.

பேட்டரி செத்துப்போச்சு, சார்ஜரைப் பிடுங்கினா அணைஞ்சிடும். துணிஞ்சு பண்ணலாமா? ரேமைத் திருப்பிக் கொடுக்க இன்னும் 5 நாள்தான் இருக்கு.

குடந்தை_சர்வீஸ்:

சார், பயாஸைக் கடைசியா தொடுவோம். முதல்ல அந்த ரேம் மேல ஒட்டியிருக்கிற லேபிளைப் படிங்க.

பி950 இரண்டாம் தலைமுறை சிப். மொத்தம் 16ஜிபி வரைக்கும் தாங்கும். அதனால ப்ராசஸர் தடுக்கலை. இதுவே முதல் தலைமுறை ஐ3, ஐ5 ஆக இருந்திருந்தா மொத்தமே 8ஜிபிதான், ஒரு ஸ்லாட்டுக்கு 4. அங்க நீங்க பயாஸை எத்தனை தடவை மாத்தினாலும் ஒரே 8ஜிபி ரேம் ஓடாது. சிப்பால முடியாததை பயாஸ் கொடுக்காது, முடிஞ்சதை மறைச்சு வச்சிருந்தா திறந்துவிடும், அவ்வளவுதான்.

லேபிள்ல 1ஆர்எக்ஸ்8னு இருந்தா யோசிக்காம திருப்பிக் கொடுத்துடுங்க. அதுல 8 சில்லுதான் இருக்கும், ஒவ்வொண்ணும் ரொம்ப அடர்த்தி, உங்க லேப்டாப் காலத்துச் சிப்புக்குப் படிக்கத் தெரியாது. 2ஆர்எக்ஸ்8னு இருந்து, முன்னும் பின்னுமா 16 சில்லு எண்ணினீங்கன்னா மேற்கொண்டு பேசலாம். பிசி3எல்னு "எல்" இருந்தா 1.35 வோல்ட் ரகம். உங்க போர்டு கொடுக்கிறது 1.5. தரமான எல் ரகம் ரெண்டுலயும் ஓடும், ஆனா பழைய பயாஸ் சிலது அதைப் பார்த்து முழிக்கும்.

இன்னொண்ணு: ரேமோட தங்கக் காலை பென்சில் ரப்பரால மெதுவா தேய்ச்சுட்டு, ரெண்டு ஸ்லாட்லயும் தனித்தனியா போட்டுப் பாருங்க. என்கிட்ட வர்ற "ரேம் ஏத்துக்கலை" கேஸ்ல பாதி இதுலயே முடிஞ்சிடும்.

நீடா_ஜெராக்ஸ்:

சார் இல்லைங்க, அக்கான்னே கூப்பிடுங்க.

கண்ணாடி போட்டுக்கிட்டு எண்ணிட்டேன் தம்பி, 16 சில்லு. லேபிள்ல பிசி3எல்-12800, 2ஆர்எக்ஸ்8. ரப்பர் தேய்ச்சாச்சு, ரெண்டு ஸ்லாட்லயும் பார்த்தாச்சு, அதே கறுப்புதான். அப்டேட் குறிப்புல ஒரே ஒரு வரி இருக்கு: மெமரி பொருத்தம் மேம்படுத்தப்பட்டதாம்.

பட்டுக்கோட்டை_பம்புசெட்:

அக்கா, நடுவுல வர்றதுக்கு மன்னிக்கணும். பேட்டரி இல்லாம பண்ணிடாதீங்க. நான் பண்ணினவன்.

சாயங்காலம் 6 மணி. வீட்டுல இன்வெர்ட்டர் இருக்கேங்கிற தைரியம். 60 சதவீதத்துல கரண்ட் போச்சு. இன்வெர்ட்டர் மாறுறதுக்கு ஒரு கண் சிமிட்டல் எடுக்கும்ல, டிவிக்கு அது பரவாயில்லை, பேட்டரி இல்லாத லேப்டாப் அதுலயே அணைஞ்சிடுச்சு. அப்புறம் கேப்ஸ்லாக் விளக்கு மட்டும் விட்டு விட்டு எரிஞ்சுது. பென் டிரைவ்ல பயாஸ் ஃபைலைப் போட்டு, விண்டோஸ் கீயையும் பி-யையும் அமுக்கிக்கிட்டே ஆன் பண்ணி மீட்கிற வழி சில மாடல்ல உண்டு. எனக்கு அதுவும் கை கொடுக்கலை.

கடைசியில சிப்புல நேரடியா எழுதுற சிஎச்341ஏ புரோகிராமர் கருவி வாங்கி, பயாஸ் சிப்போட 8 காலையும் கிளிப்ல கவ்வ வச்சு எழுதினேன். தயாரிப்பாளர் கொடுக்கிற ஃபைலை அப்படியே எழுத முடியலை, அதே போர்டோட முழு நகல் தேட வேண்டியிருந்தது. மூணு ஞாயித்துக்கிழமை போச்சு. அந்த கிளிப் இன்னும் மேசை டிராயர்ல இருக்கு, பார்த்தாலே வயிறு கலங்கும்.

குடந்தை_சர்வீஸ்:

பட்டுக்கோட்டை அண்ணன் சொல்றது நூத்துக்கு நூறு. பேட்டரி 30 சதவீதத்துக்குக் கீழ இருந்தா அப்டேட் ப்ரோக்ராமே பெரும்பாலும் மறுத்திடும். அந்தத் தடையைத் தாண்ட வழி இருக்கு, எனக்குத் தெரியும், சொல்ல மாட்டேன்.

அக்கா, புது பேட்டரி வாங்க வேண்டாம். உங்க லேப்டாப் மாதிரி எத்தனை வீட்டுப் பரண்ல தூங்குதுன்னு யோசிங்க. உங்க தங்கச்சி செட்டுல ஸ்கூலுக்கே ஒரே மாடல்தானே கொடுத்திருப்பாங்க! உயிர் இருக்கிற பேட்டரி ஒண்ணு கடன் வாங்குங்க. பண்ணும்போது பழைய 2ஜிபி ரேம்தான் உள்ள இருக்கணும். அடியில ஒட்டியிருக்கிற மாடல் நம்பர் கடைசி எழுத்து வரைக்கும் ஃபைலோட பொருந்தணும், வெளித்தோற்றம் ஒண்ணா இருந்தாலும் உள்ள போர்டு வேறயா இருக்கும். ஃபைல் தயாரிப்பாளர் தளத்துலேர்ந்து மட்டும் எடுங்க. முடிஞ்சதும் பயாஸ் உள்ள போய் டீஃபால்ட் செட்டிங் போட்டு அணைச்சிட்டு, அப்புறம் புது ரேம். முதல் தடவை ஒரு நிமிஷம் கறுப்பா நின்னு தானே ரீஸ்டார்ட் ஆகலாம், பதறிப் பிடுங்கிடாதீங்க.

நீடா_ஜெராக்ஸ்:

பண்ணிட்டேன்!

பேட்டரி தேடினது தனிக்கதை. முதல் வீட்டுல உப்பிப்போய் கிடந்தது. ரெண்டாவது வீட்டுல லேப்டாப்பையே பழைய இரும்புக்குப் போட்டுட்டாங்களாம். மூணாவதா தெருக்கோடி டெய்லர் வீட்டுல, அவங்க பொண்ணு இன்னும் அதுலதான் படிக்குது. 70 சதவீதம் ஏறினது. ராத்திரிக்குள்ள திருப்பித் தரணும்னு பேச்சு. பேப்பர்ல இன்னைக்கு நம்ம பக்கம் பராமரிப்பு மின்தடை இல்லைன்னு பார்த்துக்கிட்டு, காலையில 6 மணிக்கு உக்காந்தேன். 4 நிமிஷம்தான். அந்த 4 நிமிஷம் நான் வேண்டாத சாமி இல்லை.

புது ரேம் போட்டு, பழசையும் பக்கத்து ஸ்லாட்ல விட்டேன். பயாஸ் திரையில 10ஜிபி! ஆனா விண்டோஸ் உள்ள போனா "10ஜிபி, பயன்படுத்தக்கூடியது 2ஜிபி"ன்னு காட்டுது. மேட்டூர்ல எவ்வளவு திறந்துவிட்டாலும் நம்மூர்ப் பக்கத்துல ஆறு பிரியுற மூணாறு தலைப்புல ஷட்டர் இறங்கியிருந்தா பாமணியாத்துல என்ன வரும், அந்தக் கதையா இருக்கு. பயாஸ் சரியா ஏறலையோ?

குடந்தை_சர்வீஸ்:

பயாஸ் தன் வேலையை முடிச்சிடுச்சு அக்கா. நீங்க முதல் பதிவுலயே விடையை எழுதிட்டீங்க, நான்தான் கவனிக்கலை. வால்பேப்பர் மாத்த முடியாத விண்டோஸ் 7 ஒண்ணே ஒண்ணுதான், ஸ்டார்ட்டர். அதுக்கு 2ஜிபிக்கு மேல அனுமதியே கிடையாது, 64 பிட்டும் கிடையாது. 32 பிட்டுல வேற ரகம் போட்டாலும் 4ஜிபியைத் தாண்டாது. எப்படியும் விண்டோஸ் 7க்கு 2020 ஜனவரியோட பாதுகாப்பு அப்டேட் நின்னுபோச்சு, மக்களோட சிட்டாவையும் பாஸ்புக்கையும் அதுல திறக்கிறதே தப்பு. 64 பிட் லினக்ஸ் போடுங்க. முடிஞ்சா ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலா ஒரு சின்ன எஸ்எஸ்டியும். உண்மையில வேகம் அதுலதான் தெரியும்.

நீடா_ஜெராக்ஸ்:

ஞாயித்துக்கிழமை லினக்ஸ் ஏத்தியாச்சு. 10ஜிபியில கொஞ்சம் கிராஃபிக்ஸுக்குப் போக மீதி முழுசும் காட்டுது. பிரிண்டரைத் தானாவே கண்டுபிடிச்சிடுச்சு, ஸ்கேனருக்கு மட்டும் ஒரு சாயங்காலம் போச்சு. எஸ்எஸ்டி அறுவடைக்கு அப்புறம்தான், இப்ப கையில காசில்லை. பேட்டரியைத் திருப்பிக் கொடுத்தப்ப டெய்லர் பொண்ணு "எனக்கும் இதே மாதிரி பண்ணித் தர்றீங்களாக்கா"ன்னு கேக்குது. அது ரேம் லேபிளையும் படிச்சு, சில்லையும் எண்ணிட்டு வந்து சொல்றேன்.

தங்கச்சிக்கு போன் போட்டுச் சொன்னேன். ரேமைப் பத்தி ஒண்ணும் கேக்கலை, "இப்ப வால்பேப்பர் மாத்தலாமா?"ன்னுதான் கேட்டுச்சு. அனுப்பின படத்தை வச்சாச்சு. கேட் மூடிட்டாங்க, ஆள் வருது, வரேன்.