ஃபார்ம் சிக்ஸ் பிள்ளைய யூனிவர்சிட்டி சயின்ஸ் செமினாருக்கு அனுப்பலாமா?

சிப்புட்_அம்மா:
வணக்கம். நாங்க மலேசியாவுல சுங்கை சிப்புட் பக்கம், முன்ன ரப்பர் தோட்டத்துல இருந்தோம், இப்ப தாமான்ல, அதாவது குடியிருப்புல. மக லோவர் சிக்ஸ், அதாவது யூனிவர்சிட்டிக்கு முன்ன படிக்கிற ஃபார்ம் சிக்ஸ்ல முதல் வருஷம், சயின்ஸ். அடுத்த மாசம் ஒரு யூனிவர்சிட்டியில ஒரு வாரம் முழுக்க சயின்ஸ் செமினாராம், வெளி ஆளுங்களும் போய் கேக்கலாம்னு டீச்சர் புரோகிராம் குடுத்து விட்டாங்க. ரப்பர் பால், செம்பனை வண்டு, நீப்பா வைரஸ், அப்புறம் குவாண்டம்னு என்னென்னமோ இருக்கு, எல்லாம் இங்கிலீஷ். அவ போகணும்னு துடிக்கிறா. எனக்கும் அனுப்ப ஆசைதான், ஆனா பிஎச்டி படிச்சவங்க பேசுறது இவளுக்கு புரியாம, நமக்கெல்லாம் இது ஆகாதுன்னு மனசு ஒடிஞ்சு வந்துட்டா என்ன பண்றது? எல்லா நாளும் போகணுமா, எதை கேக்க சொல்லட்டும்?

லேப்_அண்ணன்:
அக்கா கண்டிப்பா அனுப்புங்க. நானும் தோட்டத்து பிள்ளைதான், இப்ப கெமிஸ்ட்ரியில மாஸ்டர்ஸ் பண்றேன். செமினார்ல முழுசா புரியிறது எங்களுக்கே அபூர்வம், முதல் பத்து நிமிஷம் எல்லாருக்கும் பொதுவா பேசுவாங்க, நடுவுல அந்த துறை ஆளுங்களுக்கு மட்டும்தான், கடைசியில திரும்ப பொதுவா முடிப்பாங்க. முதலும் கடைசியும் பிடிச்சிக்கிட்டா போதும். ஒரு நாளைக்கு ரெண்டு பேச்சுக்கு மேல வேணாம், தலை சுத்திடும். முதல் நாள் ராத்திரியே பேச்சோட சுருக்கத்தை படிச்சிட்டு போகட்டும்.

ரப்பர் பால் பேச்ச விடவே கூடாது. விடியக்காலையில ஏன் பால் வெட்டுறாங்க? வெயில் ஏறுனா இலை வழியா தண்ணி போய், பட்டைக்குள்ள பால் குழாய்ல அழுத்தம் குறைஞ்சிடும், பாலும் குறையும். தோட்டத்து ஸ்டோர்ல பால்ல ஃபார்மிக் ஆசிட் ஊத்துனா ஏன் கட்டியாகுது? பால்ல இருக்கிற ரப்பர் துகளுக்கு நெகட்டிவ் சார்ஜ், அதுதான் ஒண்ணோட ஒண்ணு ஒட்டாம வச்சிருக்கு, ஆசிட் அதை அடக்கிடுது. இதெல்லாம் ஃபார்ம் சிக்ஸ் கெமிஸ்ட்ரிதான், உங்க பொண்ணுக்கு புரியும்.

பழைய_கிராணி:
செம்பனை வண்டு பத்தி நான் சொல்றேன்மா. செம்பனை ஆப்பிரிக்கா மரம், மரம் வந்துச்சு, மகரந்தம் சுமக்கிற வண்டு வரல. அதனால நம்ம பொம்பளைங்கதான் தோட்டத்துல ஒவ்வொரு பெண் பூவுக்கும் மகரந்தத் தூள் ஊதிக்கிட்டு போவாங்க, அதுக்குன்னே ஆளு போட்டிருந்தாங்க. 1981-ல கேமரூன்லேருந்து சின்ன வண்டு கொண்டாந்து விட்டாங்க, வேற பயிரை கடிக்காதான்னு பரிசோதனை பண்ணிட்டுதான் விட்டாங்க. பூ சோம்பு மாதிரி வாசம் அடிக்கும், அதுக்கு வண்டு வரும். கொஞ்ச நாள்ல அந்த வேலையே இல்லாம போச்சு. ஒரு பூச்சி வந்து எத்தனை பேரு வேலைய மாத்திடுச்சு பாருங்க, அதை படிச்சவங்க வாயால நம்ம பிள்ளைங்க கேக்கணும்.

கோலகங்சார் பக்கந்தானே நீங்க, 1877-ல நட்ட ரப்பர் கன்னுங்கள்ல ஒண்ணு இன்னும் அங்க மரமா நிக்குது, போறதுக்கு முன்ன கூட்டிட்டு போய் காட்டுங்க.

படிவம்6_டீச்சர்:
நீப்பா பேச்சுக்கும் போகட்டும். 1998-ல ஈப்போ பக்கம் பன்றிப் பண்ணை ஆளுங்களுக்குத்தான் முதல்ல காய்ச்சல் வந்துச்சு, கொசு பரப்புற ஜேஇ, அதாவது ஜப்பானிய மூளைக்காய்ச்சல்னு நினைச்சு புகை அடிச்சாங்க, தடுப்பூசி போட்டாங்க, நிக்கல. 1999-ல மலாயா பல்கலைக்கழகத்துல டாக்டர் சுவா காவ் பிங் புது வைரஸ்னு பிரிச்செடுத்தார். மலேசியாவுல 105 பேர் இறந்தாங்க. கொசு கடிச்சிருந்தா வீட்டுல எல்லாருக்கும் வரணும், பன்றிய தொட்டவங்களுக்கு மட்டும் ஏன் வருதுங்கிற சந்தேகந்தான் முக்கியமான தடயம். இப்படி யோசிக்கிறத கேட்டு பழகுறது எந்த டியூஷன்லயும் கிடைக்காது. ஸ்கூலுக்கு முன்கூட்டியே லெட்டர் குடுத்துடுங்க, லீவு பிரச்சனை வராது. குவாண்டம் அவளுக்கு ஆசை இருந்தா மட்டும்.

சிப்புட்_அம்மா:
ரொம்ப நன்றிங்க, மனசு லேசாச்சு. ரப்பர், வண்டு, நீப்பா மூணுக்கும் அனுப்புறேன். இவ ஒரு கேள்வி வச்சிருக்கா: பாட்டி பால் வெட்டுன ரப்பர் மரத்துல மருந்து தடவுனா பால் ரொம்ப நேரம் ஓடுமாம், ஆனா சில மரத்துல கொஞ்ச காலத்துல பட்டை காஞ்சு பாலே வராம போயிடுமாம், ஏன்? இதை அங்க எந்திரிச்சு கேக்கலாமா, சின்னப்பிள்ளைத்தனமா இருக்குமா?

லேப்_அண்ணன்:
கேக்கட்டும்க்கா! அந்த மருந்து எத்திஃபான், அதுலேருந்து எத்திலீன் வாயு வரும், பால் சீக்கிரம் உறையாம ஓடும். அளவுக்கு மீறி வெட்டுனா, மருந்து போட்டா பட்டை காயிறது கூடும்னு தெரியும், ஆனா உள்ளுக்குள்ள என்ன நடக்குதுன்னு இன்னும் முழுசா விளங்கல, ஆராய்ச்சி ஓடிக்கிட்டுதான் இருக்கு. பேசுறவருக்கே பிடிச்ச கேள்வியா இருக்கும். இங்கிலீஷ்ல ரெண்டு வரி எழுதி வச்சிக்க சொல்லுங்க, முன் வரிசையில உக்கார சொல்லுங்க, கேக்க கூச்சமா இருந்தா டீ பிரேக்ல போய் கேக்கட்டும்.