உரக்குவியலுக்கு எதைச் சேர்க்கலாம், எதை ஒதுக்கணும்?

சருகுக்கூடை:
கொல்லையில் ஒரு மீட்டர் நீள, அகல, உயரத்துக்கு உரக்குவியல் போட எண்ணம். சமையலறைக் கழிவு தினம் ஒரு சின்ன வாளி சேரும். அட்டைப்பெட்டி, செய்தித்தாள், மரத்தூள், கிழிந்த பருத்தித் துணி, அடுப்புச் சாம்பலும் இருக்கின்றன. எதை எவ்வளவு போடலாம்? எதைத் தொடவே கூடாது?

மண்வெட்டி:
பச்சைக் கழிவு, அதாவது காய்கறித் தோல் போல நைட்ரஜன் கூடிய ஈரக் கழிவு, தானாகச் சேர்ந்துவிடும்; தட்டுப்பாடு எப்போதும் சருகு போல கார்பன் கூடிய காய்ந்ததற்குத்தான். அதனால் நாலைந்து சாக்கு சருகை மழை படாத இடத்தில் சேர்த்து வைத்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள். ஒரு வாளி காய்கறித் தோலுக்கு இரண்டு, மூன்று வாளி சருகு.

கார்பன், நைட்ரஜன் இரண்டும் சுமார் 30க்கு 1 என்று அமைந்தால் நுண்ணுயிர்கள் நன்றாக வேலை செய்யும். சமையலறைக் கழிவில் இது சுமார் 15 அல்லது 20க்கு 1. சருகில் 50க்குப் பக்கம், இலையைப் பொறுத்து கூடும் குறையும். மரத்தூளில் 300க்கும் மேல். எனவே மரத்தூளைக் கைப்பிடிக் கணக்கில் தூவுங்கள், வாளியாகக் கொட்டினால் குவியல் அப்படியே மந்தமாகிவிடும். நிறத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள்: காப்பிச் சக்கை பழுப்பாக இருந்தாலும் பச்சைக் கணக்குதான்.

இன்னொன்று. ஒரு மீட்டர் குவியல் 55 டிகிரிக்கு மேல் சூடேற வேண்டுமென்றால் பொருள் முழுவதையும் ஒரே நாளில் அடுக்க வேண்டும். தினம் ஒரு வாளியாகப் போட்டாலும் மட்கும், ஆனால் அவ்வளவு சூடு வராது, களை விதை சாகாது. அப்படிப் போடுவதாக இருந்தால் விதை பிடித்த களையைச் சேர்க்காதீர்கள்.

ஈரமண்:
அட்டையைப் பற்றி. நெளிவு வைத்த பழுப்பு அட்டைதான் நல்லது. பத்து நிமிடம் வாளித் தண்ணீரில் ஊறவிட்டால் ஒட்டுநாடாவும் முகவரிச் சீட்டும் லேசாக உரிந்து வரும். பிறகு உள்ளங்கை அளவுக்குக் கிழித்துச் சருகோடு கலந்து போடுங்கள். முழு அட்டையை விரித்துப் போட்டால் ஈரத்தில் பாயாக ஒட்டிக் காற்றை அடைத்துவிடும், அடியில் கொழகொழவென்று அழுகும். செய்தித்தாளையும் கசக்கிப் போடுவதே சரி.

பளபளப்பான அட்டையா, காகிதக் கோப்பையா என்று சந்தேகம் வந்தால் ஓரத்தை மெல்லக் கிழித்துப் பாருங்கள். காகிதம் பிரிந்த பின்னும் மெல்லிய படலம் இழுபட்டு நின்றால் அது பிளாஸ்டிக் பூச்சு. வேண்டாம். கடை ரசீது வெப்பத்தாள், அதில் வேதிப்பூச்சு உண்டு, அதுவும் வேண்டாம். பழத்தின் மேல் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைக் கழிவு வாளியில் போடும்போதே உரித்துவிடுங்கள், பிறகு உரத்தில் பொறுக்கி மாளாது.

மண்வெட்டி:
மரத்தூள் எந்த மரத்தினுடையது என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஒட்டுப்பலகை, பெயின்ட் அடித்தது, பூச்சி அரிக்காமல் மருந்து ஏற்றியது எதுவும் கூடாது. பழைய மருந்தேற்றிய மரத்தில் ஆர்சனிக் இருக்கலாம், அது மட்காது.

சாம்பல் விறகுச் சாம்பலாக மட்டும் இருக்கட்டும், அதுவும் மெல்லத் தூவும் அளவுக்கு. காரத்தன்மை ஏறினால் நைட்ரஜன் அம்மோனியாவாகப் பறந்துவிடும். நிலக்கரிச் சாம்பல் அறவே கூடாது.

துணியில் ஒரு நூலை உருவிக் கொளுத்துங்கள். காகிதம் போல எரிந்து சாம்பலானால் பருத்தி. உருகி மணியாகக் கெட்டியானால் செயற்கை இழை. பருத்தித் துணியிலும் தையல் நூல் பெரும்பாலும் பாலியெஸ்டர், ஆகவே தையல் ஓரத்தை வெட்டி எடுத்துவிடுங்கள்.

இறைச்சி, எண்ணெய், பால் பொருள் எலியை வரவழைக்கும். நாய், பூனைக் கழிவில் நோய்க்கிருமி உண்டு.

சருகுக்கூடை:
நன்றி. ஈரம் சரியா என்று எப்படிப் பார்ப்பது?

ஈரமண்:
மேலே பார்க்காமல் குவியலின் நடுவிலிருந்து ஒரு பிடி எடுத்து இறுகப் பிழியுங்கள். விரல் இடுக்கில் ஓரிரு சொட்டு வந்தால் பதம். தாரையாக ஒழுகினால் சருகைச் சேர்த்துக் கிளறுங்கள்; கை விரித்ததும் உதிர்ந்தால் தண்ணீர் தெளித்துக்கொண்டே புரட்டுங்கள்.

மூக்கும் சொல்லும். அழுகிய முட்டை நாற்றம் என்றால் உள்ளே காற்று இல்லை, புரட்டி நடுவில் சுள்ளிகளைச் செருகுங்கள். மூக்கைத் துளைக்கும் அம்மோனியா நெடி என்றால் பச்சை அதிகம். அன்றைக்கே சருகையோ கிழித்த அட்டையையோ கலந்துவிடுங்கள்.