சர்வதேச உறவுகள் வகுப்பில் சினிமா எதற்கு?

கரும்பலகை:
அணு ஆயுத 'டிடெரன்ஸ்' (திருப்பி அடிப்பார்கள் என்ற பயத்தாலேயே எதிரியைத் தாக்கவிடாமல் தடுப்பது) பற்றி இரண்டு வகுப்பு எடுத்தேன். ஒருத்தர் முகத்திலும் சலனமில்லை. மூன்றாவது வகுப்பில் குப்ரிக்கின் 'டாக்டர் ஸ்ட்ரேஞ்ச்லவ்' (1964) படத்தில் ஒரே ஒரு காட்சி போட்டேன். தாக்கினால் தானாகவே உலகை அழித்துவிடும் இயந்திரத்தை சோவியத் தயாராக வைத்திருக்கிறது, ஆனால் வெளியே சொல்லவில்லை. திங்கட்கிழமை அறிவிப்பதாக இருந்தார்களாம்! கடைசி வரிசைப் பையன் கேட்டான்: "சொல்லாம வச்சிருந்தா எவன் சார் பயப்படுவான்?" பாடமே அதுதானே.

அடிக்குறிப்பு:
காட்சி நினைவில் நிற்கும், சரி. கூடவே எது நிற்கும்? சோவியத் கியூபாவில் ஏவுகணை வைக்க, அமெரிக்காவோடு போர் மூளப் பார்த்த கியூபா ஏவுகணை நெருக்கடிக்கு (அக்டோபர் 1962) 'தர்ட்டீன் டேஸ்' படம் போட்ட வகுப்பின் விடைத்தாள்களைத் திருத்தியவன் நான். பாதிப் பேர் அதிபர் கென்னடியின் உதவியாளர் கென்னத் ஓ'டானலைத்தான் நாயகனாக்கியிருந்தார்கள். கெவின் காஸ்ட்னர் நடித்த பாத்திரம், வேறென்ன! அன்றைய அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சர் மக்நமாராவே, ஓ'டானலுக்கு அதில் பங்கில்லை என்று மறுத்தவர். சோவியத் தலைவர் குருஷேவின் மேசையில் என்ன ஓடியது என்று ஒரு தாளிலும் இல்லை. படம் பெரும்பாலும் வாஷிங்டனை விட்டு நகர்வதில்லை, பிள்ளைகளும் நகரவில்லை.

மூன்றாம்_பெஞ்ச்:
மாணவன் பக்கத்திலிருந்து ஒன்று. ரியலிசம் (நாடுகள் தங்கள் பலத்தையும் பாதுகாப்பையும்தான் பார்க்கும்), லிபரலிசம் (நாடுகள் ஒத்துழைக்கவும் முடியும்) வித்தியாசம் எனக்குப் பிடிபட்டது டேனியல் ட்ரெஸ்னரின் ஜோம்பி புத்தகத்தில்தான் (2011). பிணங்கள் எழுந்து வந்தால் ஒவ்வொரு கோட்பாட்டின்படியும் நாடுகள் என்ன செய்யும் என்பதுதான் புத்தகமே.

அடிக்குறிப்பு:
ஜோம்பிக்குத் தூதர் உண்டா தம்பி? உடன்படிக்கையில் கையெழுத்துப் போடுமா? எதிராளிக்கும் நியாயமான பயம் இருக்கலாம் என்பதுதான் இந்தத் துறையின் கஷ்டமான பாதி. அதைக் கழற்றிவிட்டால் எந்தக் கோட்பாடும் சுலபமாகத்தான் புரியும்.

மூன்றாம்_பெஞ்ச்:
இதே கேள்வியை ஜோம்பி இல்லாமல் எனக்கு யாரும் கேட்டதில்லை சார் :)

கரும்பலகை:
ஓ'டானல் விஷயத்தில் மறுப்பில்லை. படத்தைப் போட்டுவிட்டு ஆசிரியர் டீ குடிக்கப் போனால் அப்படித்தான் ஆகும். ஆனால் சினிமா வெறும் துணைக்கருவியும் இல்லை. 1983-ல், ஒரு பையன் ராணுவக் கணினிக்குள் நுழைந்துவிடும் 'வார் கேம்ஸ்' படத்தைப் பார்த்துவிட்டு, இப்படி நிஜமாகவே நடக்குமா என்று அமெரிக்க அதிபர் ரீகன் தன் ராணுவத் தலைமையிடம் கேட்டார். 1984-ல் கணினிப் பாதுகாப்பு குறித்து அவருடைய என்.எஸ்.டி.டி.-145 என்ற தேசியப் பாதுகாப்பு உத்தரவு வந்தது. இதை எந்தப் பாடத்தில் சேர்ப்பீர்கள்?

அடிக்குறிப்பு:
வரலாற்றில். உத்தரவை முதலில் வாசிக்கட்டும், படத்தை அப்புறம் போடுங்கள்.

கரும்பலகை:
வரிசையை மாற்றினால் அந்தக் கடைசி வரிசைப் பையன் தூங்கிவிடுவான். அது போகட்டும், ஓ'டானல் தாள்களுக்கு எத்தனை மார்க் போட்டீர்கள்?

அடிக்குறிப்பு:
பாஸ் மார்க். கையெழுத்து நன்றாக இருந்தது.